தொழில்நுட்பத் தொடர்பாடல் பட்டம்: எமது பிள்ளைகளுக்குத் தொழில் தருமா?

உயர்தரப் பெறுபேறுகள் வெளியானதும் எமது வீடுகளில் வழமையான கணக்குப் பார்த்தல் ஆரம்பித்துவிடும். மருத்துவத்துக்கு இசட் புள்ளி போதாது, பொறியியலுக்கும் போதாது. அடுத்தது என்ன? பத்திரிகையிலும் முகநூலிலும் வெளிநாட்டுப் பட்டங்களின் விளம்பரங்கள் வரிசையாக வந்து நிற்கும். சோனகத் தெருவைச் சொந்த இடமாகக் கொண்டு, இப்போது அரியாலையில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தந்தை அண்மையில் அப்படியொரு பட்டத்தைப் பற்றிக் கேட்டார். 'டெக்னிக்கல் கொமியூனிகேஷன்' என்று முகவர் சொன்னாராம். "கம்பியூட்டர் படிப்புத்தானே இது? தொலைபேசிக் கொம்பனியில வேலை கிடைக்குமா?" என்பது அவரது கேள்வி.

குழப்பம் அவருடைய பிழையல்ல. எமது பாடசாலைகளில் 'தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்' என்றொரு பாடம் இருக்கிறது. இந்தப் பட்டத்தைத் தமிழில் சொன்னால் 'தொழில்நுட்பத் தொடர்பாடல்'. சொற்கள் இடம் மாறி நிற்கின்றன, அவ்வளவுதான். ஆனால் விடயம் முற்றிலும் வேறு. முதலாவது கணினி, வலையமைப்பு, மென்பொருள் பற்றியது. இரண்டாவது எழுத்து பற்றியது. இயந்திரம், மருந்து, மென்பொருள், சட்டப் படிவம் என எதுவானாலும் அதைப் பாவிக்கப் போகும் மனிதருக்கு, அவர் பிழையின்றிப் பாவிக்கும் வகையில் விளக்கி எழுதும் தொழில் அது. சலவை இயந்திரத்தோடு வரும் சிறு புத்தகத்தை யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார். விமானம் பழுதுபார்ப்பவரின் கைநூலையும், மென்பொருளில் 'உதவி' என்ற இடத்தைத் தொட்டால் வரும் பக்கத்தையும் யாரோ ஒருவர் சம்பளம் வாங்கி எழுதியிருக்கிறார். அந்த யாரோ ஒருவரைத்தான் ஆங்கிலத்தில் 'டெக்னிக்கல் ரைட்டர்' என்கிறார்கள்.

இது வெறும் மொழிபெயர்ப்பா, அழகாக எழுதும் திறமையா என்று கேட்கலாம். ஓர் உதாரணம் எடுப்போம். றமழான் வந்தால் எமது வீடுகளில் நீரிழிவு உள்ள உம்மாமாரும் வாப்பாமாரும் நோன்பை விட மனமின்றிச் சிரமப்படுவதை எல்லோரும் அறிவோம். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம், நீரிழிவும் றமழானும் பற்றிய மருத்துவர் கூட்டமைப்புடன் சேர்ந்து இதற்கென்றே ஒரு வழிகாட்டியை வெளியிட்டுள்ளது. 2016இல் முதலில் வந்தது, 2021இல் புதுப்பிக்கப்பட்டது. அது மருத்துவருக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெரிய நூல். அதில் ஒரு விதி: இரத்தத்தில் குளுக்கோசு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும்.

இதை அப்படியே மொழிபெயர்த்தால், 'குருதிக் குளுக்கோசுச் செறிவானது 70 மில்லிகிராம்/டெசிலீற்றரிலும் குறைவடையும் பட்சத்தில் நோன்பினை முடிவுறுத்தல் பரிந்துரைக்கப்படுகின்றது' என்று வரும். இலக்கணப் பிழை எதுவுமில்லை. ஆனால் நடுப்பகலில் கைநடுக்கத்தோடு இருக்கும் ஒரு தாய்க்கு இந்த வாக்கியத்தால் என்ன பயன்? 'கருவியில் 70க்குக் குறைவாகக் காட்டினால் உடனே நோன்பைத் திறவுங்கள். மஃரிப் வரை பொறுக்க வேண்டாம்' என்று எழுத வேண்டும். அதோடும் வேலை முடியவில்லை. சில கருவிகள் வேறு அலகில் காட்டும். அதில் 70 என்பது 3.9 என்றும், 300 என்பது 16.6 என்றும் வரும். 16 என்று காட்டும் கருவியைப் பார்த்து, 70க்குக் குறைவுதானே என்று சீனித்தண்ணீர் குடித்துவிட்டால்? எனவே எழுதுபவர் முதலில் எந்தக் கருவி எமது வீடுகளில் இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். விரலில் குத்தி இரத்தம் பார்த்தால் நோன்பு முறியுமோ என்ற பயம் பலருக்கு இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். முறியாது என்ற மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் உறுதிப்படுத்தி, தாளின் மேற்பகுதியிலேயே போட வேண்டும். மருத்துவர் ஒருவரிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். பிறகு ஒரு தாயிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத் தாள்தான். ஆனால் இதில் ஆய்வு இருக்கிறது, நேர்காணல் இருக்கிறது, வடிவமைப்பு இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது. தொழில்நுட்பத் தொடர்பாடல் பட்டத்தில் கற்பிப்பதும் இவற்றைத்தான்.

இதில் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈராக்கில் நடந்ததை விடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1971இல் அந்நாட்டு அரசு விவசாயிகளுக்கு விதைத் தானியம் இறக்குமதி செய்து கொடுத்தது. பூஞ்சணம் பிடிக்காதிருக்க மெதைல் பாதரசம் பூசப்பட்ட கோதுமையும் வாற்கோதுமையும். விதைக்க மட்டுமே, உண்ணக்கூடாது. எச்சரிக்கை மூட்டையில் இருந்தது, ஆனால் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும். மண்டையோட்டுச் சின்னமும் அந்தக் கிராமத்து மக்களுக்கு எதையும் சொல்லவில்லை. தானியம் வந்து சேர்ந்தபோது பல இடங்களில் விதைப்புக் காலம் முடிந்திருந்தது. மக்கள் அதை அரைத்து ரொட்டி சுட்டார்கள். சிலர் சிவப்புச் சாயத்தைக் கழுவிவிட்டால் நஞ்சும் போய்விடும் என்று நம்பினார்கள். நோய் உடனே தெரியவில்லை, வாரங்கள் கழித்தே தெரிந்தது. வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டவர்கள் 6,530 பேர். வைத்தியசாலையில் மரணித்தவர்கள் 459 பேர். அறிவியல் இருந்தது, எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருந்தது. வாசிப்பவரின் மொழியில் ஒரு வரி இல்லை.

ஈராக் தூரம் என்றால் அரியாலையையே எடுப்போம். 2020 மார்ச்சில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த போதகர் ஒருவர் இங்குள்ள தேவாலயத்தில் ஆராதனை நடத்திவிட்டுத் திரும்பினார். பின்னர் அவருக்குக் கொரோனாத் தொற்று உறுதியானதும் முழு யாழ்ப்பாணமும் பதறியது. யார் தனிமைப்பட வேண்டும், எத்தனை நாள், கடைக்குப் போகலாமா, யாருக்கு அழைப்பது? மக்கள் கேட்டவை எல்லாம் செய்முறைக் கேள்விகள். விடையோ சுற்றறிக்கை மொழியில் வரும் அல்லது வட்ஸ்அப் வதந்தியாக வரும். எது முந்திக்கொண்டது என்பதை நாம் எல்லோரும் கண்டோம்.

அதே நாட்களில்தான் எமது ஜனாஸாக்களின் விவகாரமும் ஆரம்பித்தது. 2020 மார்ச் 24ஆம் திகதிய உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி, தொற்றுநோயால் மரணித்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது பரவலான தவறான நம்பிக்கை என்று தெளிவாகச் சொன்னது. ஏப்ரல் 11இல் எரிப்பதைக் கட்டாயமாக்கும் வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி 25 வரை அது மாறவில்லை. நன்றாக எழுதத் தெரிந்த நாலு பேர் இருந்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன், அது அரசியல். ஆனால் நிலத்தடி நீர் பற்றிய வாதத்தைப் படித்து, அதற்கான விடையைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சாதாரண மக்களுக்குப் புரிய எழுதக்கூடியவர்களை அந்தப் பத்து மாதமும் எமது சமூகம் எப்படித் தேடியது என்பது பலருக்கு நினைவிருக்கும்.

இந்தத் தொழிலுக்கு யாழ்ப்பாண மண்ணிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார் என்பது வியப்பான விடயம். அரியாலையிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் மானிப்பாயில் வேலை செய்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் இலங்கை வந்தவர். மதம் பரப்ப வந்த மிஷனைச் சேர்ந்தவர் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் செய்த வேலை எல்லோருக்கும் உரியது. ஆரம்பத்தில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். அதற்குப் பாடநூல் வேண்டுமே! தனது மாணவர்களைக் கொண்டே மொழிபெயர்க்கச் செய்து, தான் திருத்திப் பதிப்பித்தார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்' என நூல்கள் வெளிவந்தன. கடைசிப் பெயரைப் பாருங்கள். கெமிஸ்ட்ரி என்ற சொல்லுக்குத் தமிழ் வால் ஒன்றை வைத்து, நாக்கில் உருளும்படி செய்திருக்கிறார். இன்று கேட்டால் சிரிப்பு வரலாம், ஆனால் கலைச்சொல் இல்லாத இடத்தில் ஒரு முடிவெடுத்து அதில் நின்றவரின் துணிவு அது. பிற்காலத்தில் கலைச்சொற் பட்டியல்களையும் தொகுத்தார். 1873இல் நாடு திரும்பிய பின்னரும் 1884இல் இறக்கும் வரை இந்த வேலையை விடவில்லை.

கிறீனின் கதையில் இன்றைய கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு பகுதி உண்டு. ஆங்கிலத்தில் படித்த மருத்துவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் கிராமத்திலேயே தங்கி மக்களுக்கு வைத்தியம் செய்வார்கள் என்பது அவரது எண்ணம். மறுபக்கத்தில், தமிழில் படித்தால் உத்தியோகம் எங்கே என்ற கவலை பெற்றாருக்கும் மாணவருக்கும் இருந்தது நியாயமே. இரண்டு பக்கமும் சரி. 150 வருடம் கழிந்தும் இந்த இழுபறி தீரவில்லை. தமிழில் விளக்கி எழுதுவோருக்குத் தேவை அதிகம், சம்பளம் குறைவு. ஆங்கிலத்தில் எழுதுவோருக்குச் சம்பளம் அதிகம், போட்டியும் அதிகம். இந்தப் பட்டத்தைப் பற்றி முடிவெடுக்கும் பெற்றார் முதலில் இதை மனதில் கொள்ள வேண்டும்.

எமது மார்க்க நூல் மரபிலும் இந்த வேலை நடந்துதான் இருக்கிறது. கீழக்கரை செய்யிது முஹம்மது ஆலிம் என்ற மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அரபுத் தமிழில் எழுதிய 'ஃபத்ஹுத் தய்யான்' என்ற ஃபிக்ஹு நூல் இலங்கையிலும் தலைமுறைகளாக ஓதப்பட்டது. அரபு மொழி தெரியாத ஆணும் பெண்ணும் தமது வணக்கத்தைப் பிழையின்றிச் செய்ய எழுதப்பட்டது. அதைத் தொழில்நுட்ப நூல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வாசிப்பவர் யார், அவருக்கு எந்த எழுத்து வாசிக்க வரும், எதை அவர் செய்ய வேண்டும் என்று யோசித்து எழுதிய முறை இதுவேதான்.

இனி, பட்டத்துக்கு வருவோம். பல்கலைக்கழகப் பாடமாக இது அமெரிக்காவில்தான் வளர்ந்தது. ரென்சலேயர் பல்கலைக்கழகம் 1953இல் முதுகலைப் பட்டத்தையும், கார்னகி மெலன் 1958இல் இளங்கலைப் பட்டத்தையும் ஆரம்பித்தன. போருக்குப் பின் கணினி, ஏவுகணை, மின்னணுக் கருவி என்று குவிந்தபோது, செய்தவனுக்கு விளங்கியது பாவிப்பவனுக்கு விளங்கவில்லை என்ற பிரச்சினைக்கு விடையாக வந்த படிப்பு இது. இன்று அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதுகலையாகவும் படிக்கலாம். ஐரோப்பாவில் இதற்குச் சட்டத்தின் பலமும் உண்டு. இயந்திரம் விற்கும் நாட்டின் மொழியில் பாவனைக் கைநூல் இல்லாமல் அங்கே விற்க முடியாது. ஜேர்மனியில் இது ஒரு பெரிய தொழிற்துறையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சம்பளம்? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகத்தின் கணக்கில், 2023 மே மாதம் அங்கு இத்தொழிலில் உள்ளவர்களின் நடு வருடச் சம்பளம் 80,050 டொலர். இந்த இலக்கத்தைத்தான் முகவர்கள் பெரிய எழுத்தில் போடுவார்கள். அவர்கள் போடாத செய்தி இன்னொன்று உண்டு. இத்தொழிலுக்கென எழுபது வருடங்களாக அமெரிக்காவில் இயங்கிய தொழில்நுட்பத் தொடர்பாடல் சங்கம் 2025 ஜனவரியில் வங்குரோத்து அறிவித்து மூடப்பட்டது. ஒரு சங்கம் மூடப்பட்டதால் தொழில் அழிந்துவிட்டது என்று ஆகாது. ஆனால் செழித்து வளரும் துறையின் அடையாளமும் அது அல்ல. அத்தோடு செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. பொறியியலாளர் கொடுத்த குறிப்பைச் சீரான ஆங்கிலமாக்கும் வேலையை இயந்திரம் நொடியில் செய்கிறது. அந்த வேலையை மட்டும் நம்பி இனி யாரும் நான்கு வருடம் படிக்கக்கூடாது என்பதே எனது கருத்து.

இயந்திரத்தால் முடியாதது எது? நீரிழிவுத் தாளின் உதாரணத்தையே திரும்பப் பாருங்கள். வாக்கியம் அமைப்பது அதில் சிறிய பகுதி. எமது வீட்டில் எந்தக் கருவி இருக்கிறது, தாய் எதற்குப் பயப்படுகிறார், இந்த இலக்கம் சரியா, பிழைத்தால் யார் பொறுப்பு என்பவை அந்த வீட்டுக்குப் போகாமல் தெரியவராது. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. இயந்திரம் தரும் தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தமிழ். எமது பிள்ளை 'ஒட்சிசன்' என்று படித்ததை அது 'ஆக்சிஜன்' என்கிறது. நாம் 'குளிசை' என்பதை 'மாத்திரை' என்கிறது. புரியும்தான். ஆனால் மருந்து, மின்சாரம், பூச்சிகொல்லி போன்றவற்றில் 'ஏறத்தாழப் புரிந்தது' போதாது.

ஆக, எனது விடை இது: இதை முதற் பட்டமாகப் படிக்க வெளிநாட்டுக்கு ஒரு கோடி ரூபாவைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். காணியை விற்றோ வட்டிக்கடன் எடுத்தோ போவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். வட்டியின் ஹராம் ஒருபுறமிருக்க, கணக்காகவும் அது கட்டாது. ஆனால் இந்தத் திறமையை வேறொரு பட்டத்தின் மேல் ஏற்றினால் அதன் பெறுமதி பெரிது. ஏனென்றால் இந்தத் துறையில் முதலில் கேட்கப்படுவது 'உனக்கு எந்த விடயம் தெரியும்?' என்பது. தாதியர் படிப்பு, விவசாயம், உயிர்முறைமைத் தொழில்நுட்பம், மென்பொருள், சட்டம் என்று ஏதாவது ஒரு துறை கையில் இருந்து, அதை விளக்கி எழுதவும் தெரிந்தவருக்கு நிறுவனத்தில் தனி இடம் உண்டு. அதன் பிறகு, வேலை செய்து அனுபவம் பெற்று, புலமைப்பரிசில் கிடைத்தால் முதுகலையாக இதைப் படிப்பது நல்ல முடிவு.

எமது நாட்டிலேயே அதற்கான பாதைகள் இருக்கின்றன. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடமோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்புக் கற்கையோ இதற்கு நல்ல அத்திவாரம். கலைப்பீடத்தில் படித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் எமது பட்டதாரிப் பெண் பிள்ளைகளுக்கு இதை விசேடமாகச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து செய்யக்கூடிய, எழுத்தே மூலதனமான வேலை இது. ஆனால் ஆங்கிலமும் ஒரு தொழில்நுட்ப விடயமும் பழக வேண்டும், வெறும் கலைப்பட்டத்தோடு கதவு திறக்காது. கூகிள் நிறுவனம் தனது பொறியியலாளருக்காக உருவாக்கிய தொழில்நுட்ப எழுத்துப் பாடங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. 2005இல் இலங்கையர் ஆரம்பித்த டபிள்யூஎஸ்ஓ2 போன்ற திறந்த மூல மென்பொருள் நிறுவனங்களின் விளக்க ஆவணங்கள் எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப்பில் இருக்கின்றன. அங்கே ஒரு பிழையைக் கண்டு திருத்தி அனுப்பினால் அது உங்கள் பெயரில் பதிவாகும். நேர்முகத் தேர்வில் சான்றிதழை விட அந்தப் பதிவு அதிகம் பேசும்.

வேலை தேடும்போது ஒரு தந்திரம் தெரிந்திருக்க வேண்டும். விளம்பரத்தில் 'டெக்னிக்கல் ரைட்டர்' என்று மட்டும் தேடினால் சிலதே கிடைக்கும். 'டொகியுமென்டேஷன்', 'கொன்டென்ட் டிசைனர்', 'யூஎக்ஸ் ரைட்டர்', 'மெடிக்கல் ரைட்டர்', 'புரொப்போசல் ரைட்டர்' என்று பல பெயர்களில் இதே வேலை ஒளிந்திருக்கிறது. வளைகுடாவில் இன்னொரு முகம் உண்டு. எமது இளைஞர் பலர் நெபோஷ் சான்றிதழ் எடுத்துப் பாதுகாப்பு உத்தியோகத்தராகக் கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறார்கள். அங்கே அவர்களது வேலையில் பெரும்பகுதி எழுத்துத்தான்: வேலைமுறை ஆவணம், ஆபத்து மதிப்பீடு, காலையில் தொழிலாளருக்குச் சொல்லும் பாதுகாப்புக் குறிப்பு. சாரத்தில் ஏறும் தமிழ்த் தொழிலாளிக்கு விளங்கும்படியும், மேலாளர் ஏற்கும்படியும் எழுதத் தெரிந்தவர் மற்றவர்களை விட முன்னுக்கு வருவது இயல்பு. மத்ரஸாவில் அரபு படித்து, ஆங்கிலமும் சேர்த்துக்கொண்டவருக்கு அங்கே இன்னும் ஒரு படி வசதி.

வடக்கு முஸ்லிம்களுக்கு இதில் ஒரு விசேட நிலைமை இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் வளர்ந்தார்கள். அந்தத் துயரத்துக்கு எந்த நன்மையையும் ஈடாகச் சொல்வது அநியாயம். ஆனால் அதன் விளைவாகப் பல பிள்ளைகளுக்குத் தமிழோடு சிங்களமும் சரளமாக வருகிறது. பாடசாலையில் விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்கிறார்கள், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், தெருவில் சிங்களம் பேசுகிறார்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொல்லியும், இன்றும் படிவங்களில் வரும் தமிழை விளங்கிக்கொள்ளப் பக்கத்திலிருக்கும் சிங்களத்தை வாசிக்க வேண்டியிருக்கும் நாட்டில், மூன்று மொழியிலும் ஒரே விடயத்தைச் சரியாகச் சொல்லக்கூடியவர் அரிதானவர். மீள்குடியேற்றப் படிவம், காணி உறுதி, வதிவிடப் பதிவு என்று எமது குடும்பங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததை இந்தப் பிள்ளைகள் நேரில் பார்த்திருக்கிறார்கள். எங்கே மக்கள் தடுமாறுகிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அதற்காகத் தமிழில் மட்டும் எழுதி நல்ல சம்பளம் வாங்கலாம் என்று பிள்ளைக்கு ஆசை காட்டிவிடக் கூடாது. தனியார் துறையில் அப்படியான முழுநேர வேலை மிகக் குறைவு. மொழிபெயர்ப்புக்குப் பக்கக் கணக்கில் கொடுக்கும் கூலியும் சொல்லும்படியாக இல்லை. தொண்டு நிறுவனங்கள், சுகாதாரத் திட்டங்கள், ஏற்றுமதி நிறுவனங்கள் ஆகியவற்றில் இது வேறொரு பதவியின் பகுதியாகவே இருக்கும். அரியாலைக் கடலோரத்தில் கடலட்டைக் குஞ்சு உற்பத்தி நிலையம் வந்தபோது எழுந்த சர்ச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். கடலட்டை வளர்ப்பதா வேண்டாமா என்பது வேறு விவாதம். ஆனால் அப்படியொரு தொழில் வந்தால், பண்ணைக்காரருக்கு வளர்ப்பு முறை, வாங்குபவருக்குத் தர ஆவணம், அயலிலுள்ள மீனவருக்கு அவர்களது கடலில் என்ன நடக்கிறது என்ற விளக்கம் என்று மூன்று வாசகருக்கு மூன்று விதமான எழுத்து தேவை. இந்த மூன்றையும் எழுதக்கூடியவரை 'எழுத்தாளர்' என்ற பெயரில் யாரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். திட்ட உத்தியோகத்தராக எடுப்பார்கள். பெயரைப் பற்றிக் கவலைப்படாத பிள்ளைக்கு இடம் இருக்கிறது.

பிள்ளைக்கு இது பொருந்துமா என்று அறிய முகவருக்குப் பணம் கட்டத் தேவையில்லை. பாமசியில் கொடுக்கும் ஆஸ்த்மா இன்ஹேலரையோ, மாமி வீட்டுக் குளுக்கோசுக் கருவியையோ எடுத்து, அதைப் பாவிக்கும் முறையை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தாதி ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பின், அந்தத் தாளை இதுவரை கருவியைத் தொட்டிராத ஒருவரிடம் கொடுங்கள். பிள்ளை பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்து பார்க்க வேண்டும். எந்த வரியில் அவர் நிற்கிறார், எந்தப் படத்தைத் திருப்பிப் பார்க்கிறார் என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களைத் திருத்தி, மறுநாள் வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். நாலாவது தடவை திருத்தும்போதும் பிள்ளைக்குச் சலிப்பு வரவில்லையென்றால், கூகிளின் இலவசப் பாடத்தை அன்றிரவே ஆரம்பிக்கலாம்.